கதிரியக்கப் பொதி சாலையில் செல்லும்போது

திருச்சியை ஒட்டிய துவாக்குடி, திருவெறும்பூர் பகுதிகளில் கொதிகலன் பாகங்கள் செய்யும் தொழிற்கூடங்களில், பற்றவைப்பின் உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று அறிய இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு படம் எடுப்பது அன்றாட வேலை. அந்த இரிடியத்தைத் தாங்கிய கருவியை எங்கள் தொழிலில் 'கேமரா' என்போம். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கும், சில சமயம் வேறு மாநிலத்துக்கும் அது சாலை வழியாகவே போகிறது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரியும் என்னிடம், கதிர்வீச்சை எச்சரிக்கும் மூவிதழ்க் குறி ஒட்டிய வண்டியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இது கவிழ்ந்தால் ஊர் என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான அச்சம். ஆனால் விதிகள் மிக நன்றாக விடை சொல்லியிருப்பதும் அந்தக் கேள்விக்குத்தான்.

நம் நாட்டில் இதை மேற்பார்வையிடுவது 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 2004-இல் வகுக்கப்பட்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளும், சர்வதேச அணுசக்தி முகமையின் ஒழுங்குமுறைகளைத் தழுவிய வாரியத்தின் போக்குவரத்துக் குறியீடும் இதற்கு அடிப்படை. ஓட்டுநர் களைப்பார், சாலை மோசமாக இருக்கும், மழை பெய்யும் என்றெல்லாம் முன்கூட்டியே எண்ணி, பாதுகாப்பின் பெரும்பங்கைப் பொதியின் மீதே சுமத்தியிருப்பதுதான் இவற்றின் சிறப்பு. மருத்துவமனைக்குப் போகும் டெக்னீசியம், அயோடின் போன்றவை பெரும்பாலும் 'ஏ' வகைப் பொதியில் செல்கின்றன. அந்த வகை தண்ணீர்த் தெளிப்பையும், 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதையும், தன் எடையைப் போல ஐந்து மடங்கு பாரம் மேலே ஏற்றப்படுவதையும் தாங்க வேண்டும். எங்கள் கேமராவோ 'பி' வகை. 9 மீட்டர் உயரத்திலிருந்து கடினத் தளத்தில் விழுந்தும், 1 மீட்டரிலிருந்து எஃகுக் கம்பியின் மேல் விழுந்தும், 800 டிகிரி செல்சியஸ் தீயில் 30 நிமிடம் கிடந்தும் காப்புச் சிதையாத வடிவமைப்புக்கே ஒப்புதல் கிடைக்கும். சாலையில் வண்டி உருண்டால் பெரும்பாலும் நேரக்கூடியதை விடக் கடுமையான சோதனை இது.

பொதியின் மேல் ஒட்டும் சீட்டையும் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. வெள்ளை I, மஞ்சள் II, மஞ்சள் III என்று மூன்று வகை உண்டு. மஞ்சள் சீட்டில் ஒரு சிறு எண் இருக்கும். பொதியிலிருந்து 1 மீட்டர் தொலைவில் கதிர்வீச்சு மணிக்கு எத்தனை மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) என்று அளந்து, அதை நூறால் பெருக்கிக் கிடைப்பதே அந்தப் போக்குவரத்துக் குறியெண். மஞ்சள் சீட்டுள்ள வண்டியில் ஓட்டுநரையும் உதவியாளரையும் தவிர வேறு யாரும் ஏறக் கூடாது. வழியில் தெரிந்தவரை ஏற்றிக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இந்த விதி பொருந்துவதே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் வெளிப்புறத்திலிருந்து 2 மீட்டர் தொலைவில் அளவு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால், சிக்னலில் ஒரு நிமிடம் பக்கத்து வண்டியில் நிற்பவருக்கு அதனால் கேடில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டிய கேள்வி வேறு: வண்டி கவிழாமல், உள்ளே இருந்தது மட்டும் காணாமல் போனால்?

2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது அதுதான். ஒரு சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் லாரியில் போன, கதிர்வீச்சைக் கொண்டு அளவெடுக்கும் கருவியில், பயணத்தின் அதிர்வில் திருகுகள் கழன்று, 6 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கதிரியக்க சீசியம்-137 அடங்கிய சிறு உருளை சாலையில் விழுந்துவிட்டது. லாரி பெர்த் போய்ச் சேர்ந்து பல நாள்கள் கழித்து, 25-ஆம் தேதி பெட்டியைத் திறந்தபோதுதான் இழப்பே தெரியவந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி அது சாலையோரத்தில் கண்டெடுக்கப்பட்டது, பெரும் அதிர்ஷ்டம். அப்போது அங்கிருந்த சட்டப்படி விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 1,000 ஆஸ்திரேலிய டாலர் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

இறக்கிய உடனே ஒருவர் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைப் பெட்டிக்கு அருகில் வைத்திருந்தால், கிளம்பும்போது குறித்த அளவு இப்போது ஏன் இல்லை என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்கும். கிளம்பும்போது அளப்பதில் யாரும் குறை வைப்பதில்லை, ஏனெனில் அந்த எண் இல்லாமல் தாள் நிரம்பாது. போய்ச் சேர்ந்ததும் அளப்பதைத்தான் களைப்பில் தள்ளிப்போடுகிறார்கள். அளவு கூடினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்பாராமல் குறைந்தாலும் ஆபத்துதான் என்பதைப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, நிறுத்துமிடம். 2013 டிசம்பரில் மெக்சிகோவில், மருத்துவமனை ஒன்றில் பயன்பட்ட கோபால்ட்-60 மூலத்தை (கதிர்வீச்சைத் தரும் பொருளை 'மூலம்' என்போம்) கொண்டுசென்ற லாரி, பெட்ரோல் நிலையத்தில் ஓட்டுநர் ஓய்வெடுத்த நேரத்தில் திருடப்பட்டது. திருடியவர்களுக்கு வேண்டியிருந்தது லாரி; உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் கேமரா இருபத்தைந்து கிலோ அளவே எடையுள்ளது, ஒரே ஆள் தூக்கிப் போய்விடலாம். ஆகவே டீ குடிக்க இறங்கினாலும் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

வீரியம் குறைந்த மூலம் வழங்கிய நிறுவனத்துக்குத் திரும்பிப் போகும் பயணமே அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிறது. இரிடியம்-192-இன் வீரியம் 74 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஓராண்டில் 100 கியூரி (கதிரியக்க வீரியத்தின் அலகு) ஏறத்தாழ 3 கியூரியாகிவிடும். படம் எடுக்க அது உதவாது என்பதால் 'செத்த சோர்ஸ்' என்கிறார்கள், ஆனால் வெறுங்கையில் எடுத்தவரின் விரலைப் புண்ணாக்க அது தாராளமாகப் போதும். மூலத்தை எடுத்துவிட்ட கேமராவும் வெறும் பெட்டியாகிவிடாது. அதன் காப்பு பெரும்பாலும் வீரியம் குறைந்த யுரேனியத்தால் ஆனது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் ஒருவர் உயிரிழந்ததற்குக் காரணமான கோபால்ட்-60, பல்கலைக்கழகம் ஒன்றில் பயனின்றிக் கிடந்த கருவியோடு பழைய இரும்பாக ஏலம் போனது. அதற்குச் சீட்டு இல்லை, அளவீடு இல்லை, அனுமதியும் இல்லை. சோதனைகளைத் தாங்கும் பொதியைப் பற்றிய விதி எதுவும் அங்கே உதவியிருக்க முடியாது, ஏனெனில் கதிரியக்கப் பொருள் ஒன்று பயணம் போகிறது என்பதே யாருக்கும் தெரியாது. உங்கள் தொழிற்கூடத்தின் மூலையில் மூவிதழ்க் குறியுள்ள பழைய கருவி ஏதேனும் கிடந்தால், அதைக் காயலான்கடை வண்டியில் ஏற்றாமல், வழங்கிய நிறுவனத்துக்கு வாரிய அனுமதியோடு திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். சாலையோரத்தில் கண்டால் தொடாமல், பிறரையும் நெருங்கவிடாமல், காவல்துறைக்குச் சொல்லுங்கள்.