20 பேர் வேலை பார்த்தால் போதும்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேட்பது

ஆன்லைன் கோடிங் தேர்வு. 90 நிமிடம், 3 கேள்விகள். எழுதுபவருக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் வாசிக்க வாசிக்கக் காதால் கேட்டே வேலை செய்து பழகியவர். முதல் கேள்வியை அது கடகடவென்று வாசித்துவிடுகிறது. கோடு எழுதும் பெட்டிக்குள் போனதும் சத்தமே இல்லை. எந்த வரியில் நிற்கிறோம் என்றே தெரியவில்லை. வெளியே வரலாம் என்று டேப் விசையை அழுத்தினால் கோடுக்குள் இடைவெளி விழுகிறதே தவிர, பெட்டி அவரை விடுவதாக இல்லை. இரண்டாவது கேள்வியில் ஒரு வரைபடத்தைப் படமாக ஒட்டியிருக்கிறார்கள். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் 'இமேஜ்'. 90 நிமிடம் முடிந்ததும் திரை தானாக மூடிக்கொள்கிறது. எச்.ஆர். கோப்பில் ஏறுவது ஒரே வரி: "கோடிங் போதாது."

இதே கம்பெனியின் இணையதளத்தில் "எல்லோரையும் வரவேற்கிறோம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். போடட்டும். ஆனால் வரவேற்பு என்பது கம்பெனியின் பெருந்தன்மையோடு முடிகிற விஷயம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்று ஒன்று இருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகள் அதே ஆண்டு ஜூனில் வந்தன. அரசு அலுவலகங்களுக்கு மட்டுமான சட்டம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'நிறுவனம்' என்ற சொல்லுக்குள் தனியார் நிறுவனத்தையும் சேர்த்தேதான் சட்டம் பேசுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தனியார் கம்பெனிக்கு இடஒதுக்கீடு கிடையாது. 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கானது. 5 சதவீதம் என்று நீங்கள் கேள்விப்பட்டது 35-ஆம் பிரிவில் இருக்கிறது. ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் முதலாளிகளுக்கு அரசு ஊக்கச் சலுகை தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அது அரசுக்கு இட்ட வேலை. அந்தக் கணக்கைக் காட்டி ஒரு கம்பெனியை மடக்க முடியாது.

அப்படியானால் கம்பெனிக்கு என்னதான் கட்டாயம்? விஷயம் 2-ஆம் பிரிவின் வரையறைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒருவர் மற்றவர்களோடு சமமாக வேலை செய்யத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து கொடுப்பதை 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்கிறது சட்டம். தமிழில் 'நியாயமான வசதி' என்று வைத்துக்கொள்வோம். அந்த வசதியை மறுப்பதே பாகுபாடு என்று பாகுபாட்டின் வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். எனவே மேலே சொன்ன தேர்வில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை, யாரும் கதவைச் சாத்தவில்லை என்பது பதில் ஆகாது. ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துப்போகும் வேறு எடிட்டரில் எழுத விடுங்கள், கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று அவர் கேட்டு, கம்பெனி காரணமில்லாமல் மறுத்திருந்தால், அது பாகுபாடு என்று வாதாட வலுவான இடம் இருக்கிறது.

'நியாயமான' என்ற சொல்லுக்கும் வேலை உண்டு. அளவுக்கு மீறிய சுமையை ஏற்றும் மாற்றத்தைச் சட்டம் கேட்கவில்லை. நடைமுறையில் கேட்கப்படும் வசதிகளில் பலவும் சுமை என்று சொல்லும் அளவுக்கு இருப்பதில்லை. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். காது கேளாதவருக்கு வீடியோ மீட்டிங்கில் எழுத்து வசனத்தை ஓடவிடுவதும், காலை மீட்டிங்கில் பேசியதை நாலு வரியில் எழுதிப் போடுவதும் ஒரு பழக்கம், அவ்வளவுதான். தலசீமியா என்ற ரத்தக் கோளாறு உள்ளவர் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போக வேண்டியிருக்கும். அந்த நாளில் அவரை மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் வேலையில் போடாமல் இருப்பதும் நியாயமான வசதிதான். ஆமாம், தலசீமியாவும் இந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. 1995-இன் பழைய சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான் இருந்தன. இப்போது 21. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், ஆட்டிசம், பார்க்கின்சன், மனநோய், ஆசிட் வீச்சில் தப்பியவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. சக்கர நாற்காலியை மட்டும் மனதில் வைத்துச் சாய்தளம் கட்டிய அலுவலகங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, யார் செலவு? விதி 3-இல் இதற்குத் தெளிவான வரி உண்டு. நியாயமான வசதிக்கான செலவை, முழுதாகவோ பகுதியாகவோ, அந்த ஊழியர் தலையில் எந்த நிறுவனமும் கட்டக் கூடாது. "மென்பொருள் லைசென்ஸ் பணத்தில் பாதியை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது விதிமீறல்தான். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது. தெரிந்தவர்கள்தான் குறைவு.

இன்னொரு தடங்கல், 40 சதவீதச் சான்றிதழ். இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்ற அளவுகோல் உண்டு. அதையே எச்.ஆர். எல்லாவற்றுக்கும் கேட்பதுண்டு. யூ.பி.எஸ்.சி. தேர்வில் எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் எழுத்துப் பிடிப்பு நோயுள்ள ஒருவர், தான் சொல்லச் சொல்ல எழுத உதவியாளர் கேட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது: நியாயமான வசதி கேட்பதற்கு அந்த 40 சதவீத அளவுகோல் தேவையில்லை. மருத்துவர் தரும் ஆவணத்தைக் கேட்பது வேறு. "யுடிஐடி அட்டையில் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) 40 இல்லை, போய் வாருங்கள்" என்பது வேறு.

இனி கம்பெனியின் மேசை வேலை. 21-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். அதன் பிரதியை மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடமோ மாநில ஆணையரிடமோ பதிவு செய்ய வேண்டும். 20 பேருக்குக் குறைவான கம்பெனி, தான் தரும் வசதிகளைச் சொன்னால் போதும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் விதி 8 விரிவாகக் கேட்கிறது: மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, தேர்வு எப்படி, பயிற்சி, பதவி உயர்வு, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், தடையில்லாத கட்டடம், இவற்றைப் பார்த்துக்கொள்ளும் தொடர்பு அலுவலர் யார் என்பது வரை. அது இணையதளத்தில் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் அலுவலகத்தில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது எச்.ஆர். தலைவரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தது. தொடர்பு அலுவலர் என்று அதில் பெயர் போட்டிருந்தவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஏற்ற பணிகளின் பட்டியல் என்பதில் ஒரு கண்ணி உண்டு, கவனியுங்கள். "பார்வையற்றோருக்கு டெஸ்டிங், காது கேளாதோருக்கு டேட்டா என்ட்ரி" என்று எழுதிவிட்டால், மற்ற எல்லா வேலையும் அவர்களுக்கு அடைபட்டது போலாகிவிடும். ஆளைப் பார்க்காமல் ஊனத்தைப் பார்த்து வேலை பிரிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே எதிர். பட்டியலை அகலமாக எழுதி, ஒவ்வொரு பணிக்கும் என்ன வசதி தர முடியும் என்று சேர்த்து எழுதுவது நல்லது.

தண்டனை? முதல் மீறலுக்கு ரூ.10,000 வரை அபராதம். திரும்பச் செய்தால் ரூ.50,000-இல் தொடங்கி ரூ.5 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்கு இது ஒரு டீம் அவுட்டிங் செலவு. அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை விட, எழுத்தில் பதில் கேட்பது அதிகம் பலிக்கும். ஏனென்றால் 20 பேர் உள்ள தனியார் நிறுவனத்தின் தலைவருக்குப் பாகுபாட்டுப் புகார் வந்தால், அவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். அல்லது தாங்கள் செய்தது ஏன் நியாயமான நோக்கத்துக்கான அளவான செயல் என்று எழுத்துமூலம் விளக்க வேண்டும். சும்மா இருக்க வழியில்லை.

கம்பெனியில் வேலை பார்க்கும் திருநர், பெண்கள் போன்ற வேறு பிரிவினர் பற்றியும் சுருக்கமாக. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 9-ஆம் பிரிவு வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாட்டைத் தடுக்கிறது; ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். 10 பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு கட்டாயம். 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பக வசதி. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கான விஷயம்.

சரி, நீங்கள் வேலை தேடுபவர் என்றால்: தேர்வு லிங்க் வந்த அன்றே மெயில் போடுங்கள், தேர்வு முடிந்த பிறகு அல்ல. "நான் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறேன். தேர்வுத் தளம் அதோடு வேலை செய்யுமா? செய்யாவிட்டால் என் கணினியில் உள்ள எடிட்டரில், கூடுதல் நேரத்துடன் எழுத அனுமதிக்கவும்" என்ற அளவு போதும். நோயின் முழு வரலாறு வேண்டாம். போனில் பேசியிருந்தால் பேசியதைச் சுருக்கி ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, முதலில் நிறுவனத் தலைவருக்குப் புகார். அதில் தீரவில்லை என்றால் மாநில ஆணையருக்கோ தலைமை ஆணையருக்கோ. ஆணையர் புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது விதி. அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த முதல் மெயிலும், அது போன தேதியும்.