சூட்டோடு பாண் வெட்டிவிட்டுக் கத்தியைத் திட்டாதீர்கள்

வீட்டில் பாண் சுடுபவர்கள் கேள்வியோடு போடும் அதே இரண்டு படங்கள், மறுபடியும். முதல் படத்தில் வீட்டில் சுட்ட பாண், பொன்னிறமாக, குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது படத்தில் அதே பாண் வெட்டிய பிறகு: ஒரு துண்டு மேலே அப்பளம், கீழே செங்கல். அடுத்தது நடுவில் நசிந்து போயிருக்கிறது. கத்தியில் களிபோல ஏதோ அப்பியிருக்கிறது. கூடவே கேள்வி: "மா பிழையா, ஈஸ்ட் பிழையா?"

இரண்டும் பிழையில்லை. ஓவனால் எடுத்துப் பத்து நிமிடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். படத்தில் ஆவி தெரிகிறது.

"சூடாக இருக்கும்போதுதான் பாண் மென்மை, அப்போதே வெட்டினால் சுலபம்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. பின்னேரம் பேக்கரியில் சூட்டுப் பாண் வாங்கி வளர்ந்த ஊர் கொழும்பு. ஆனால் அந்தப் பாணை யார் கத்தியால் வெட்டினார்கள்? கையால் பிய்த்து, பருப்பில் தோய்த்து, கட்டச் சம்பலோடு சாப்பிட்டோம். சூட்டுப் பாணுக்கு அதுதான் முறை. இன்றும் சூடாகத்தான் வேண்டுமென்றால் பிய்த்துச் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. சாண்ட்விச்சுக்கு ஒரே அளவில் துண்டு வேண்டுமென்றால் அது வேறு வேலை. மெசினில் வெட்டித் தரும் நல்ல பேக்கரியில் சூட்டுப் பாணைக் கொடுத்துப் பாருங்கள், "ஆறட்டும்" என்றுதான் சொல்வார்கள். மெசினாலேயே முடியாததை உங்கள் குசினிக் கத்தியிடம் ஏன் கேட்கிறீர்கள்?

ஓவனுக்குள் பாண் முக்கால்வாசிதான் ஆகிறது. மிச்சக் கால்வாசி வெளியே, வயர் றாக்கில் நடக்கிறது. வெளியே எடுக்கும்போது பாணின் நடுப்பகுதி 93 முதல் 98 பாகை செல்சியஸ் வரை இருக்கும். மாவிலுள்ள மாச்சத்து தண்ணீரை உறிஞ்சி வீங்கி, கூழ் நிலையில் நிற்கும். சூடு இறங்க இறங்கத்தான் அது இறுகி, துளைகளின் சுவர் தன் காலில் நிற்கும். தொதலைத் தாச்சியால் இறக்கிய கையோடு துண்டு போடுவீர்களா? பாணுக்கும் அதே நியாயம். சூட்டோடு கத்தி இறங்கினால் கூழ் கத்தியின் பல்லில் ஒட்டி இழுபடும், துளைகள் அமுங்கி மூடிக்கொள்ளும். போதாததற்கு உள்ளே இருக்க வேண்டிய ஈரம் ஆவியாகப் போய்விடும். நசிந்த பாண் அடுத்த நாள் காய்ந்த பாணாகவும் ஆவது அதனால்தான்.

கத்தியை அடுப்பு நெருப்பில் காட்டிவிட்டு வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். கூழ் கூழாகவே இருக்கும், கத்தியின் பதம்தான் போகும்.

எவ்வளவு நேரம் என்றால், டின்னில் சுட்ட 450 கிராம் பாணுக்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம். ஒரு கிலோவுக்குக் கிட்டிய வட்டப் பாண் என்றால் மூன்று. றை (rye) என்ற தானிய மா அதிகம் சேர்த்த பாணை மறுநாள்தான் தொடலாம். குளிர்தேசத்துச் செய்முறையில் "ஒரு மணித்தியாலம்" என்று போட்டிருப்பது அவர்களுடைய 20 பாகை வீட்டுக்கு. 30 பாகையில் வியர்த்துக்கொண்டிருக்கும் வெள்ளவத்தைக் குசினிக்கு அது பொருந்தாது. பாணைப் புரட்டி அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் பொறுங்கள். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 35 பாகைக்குக் கிட்ட வந்திருக்க வேண்டும்.

ஐந்து பத்து நிமிடத்துக்குள் டின்னிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அடியும் பக்கமும் வியர்த்து நனையும். துவாயால் மூடினாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் அதே கதிதான். அவசரத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் விட்டால் மேல்தோல் காய்ந்து விறைக்கும், உள்ளே சூடு அப்படியே இருக்கும். அப்போது தோலை உடைக்க அமுக்குவீர்கள், உள்ளே நசியும்.

இனிக் கத்தி. பாண் "வெட்டுவது" என்கிறோம், சொல்லே பிழை. பாணை அரிய வேண்டும், மரம் அரிகிற வாள் மாதிரி. அதற்குப் பல்லுக் கத்திதான் வேண்டும், அலகு 25 சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும். பாணின் அகலத்தைவிட ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளமில்லாத அலகை முன்னும் பின்னும் இழுக்க இடம் கிடையாது. அப்போது கை தானாக அமுக்கத் தொடங்கும். தக்காளி வெட்டும் சின்னப் பல்லுக் கத்தியால் பாண் அரியப் பார்ப்பவர்கள்தான் அதிகம். பல்லுக் கத்தியைச் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணக் கத்திபோலச் சக்கரத்தில் தேய்த்தால் பல் போய்விடும், பிறகு அது பெரிய வெண்ணெய்க் கத்தி.

பல பல்லுக் கத்திகளில் ஒரு பக்கம்தான் சரிவாகத் தீட்டியிருக்கும், மறுபக்கம் தட்டை. அதனால் அலகு கீழே போகப் போகத் தட்டைப் பக்கமாக மெல்ல இழுபடும். துண்டு மேலே ஒரு தடிப்பு, கீழே ஒரு தடிப்பாக வருவதற்கு இதுவும் காரணம். அலகின் மேல்விளிம்பை அந்தத் தட்டைப் பக்கமே சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சரியாகும். இடக்கையர்களுக்கு இந்த இழுவை தலைகீழாக இருக்கும், அவர்களுடைய கையைக் குறை சொல்லாதீர்கள்.

வெட்டுப்பலகைக்குக் கீழே ஈரத்துணி விரியுங்கள். பாணைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். மேல்தோல் மேலே இருந்தால் பொங்கிய தலையைத்தான் முதலில் அமுக்குவீர்கள். பக்கச் சுவர் நேரானது, கத்தி வழுக்காமல் இறங்கும். முதல் இரண்டு இழுப்பும் பாரமே இல்லாமல், தோலில் ஒரு கோடு கீறுவதற்கு மட்டும். அந்தக் கோட்டை மேலேயும் உங்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் பார்த்துவிட்டுப் பிறகு முழு அலகையும் பாவித்து நீளமாக இழுங்கள். எல்லோரும் தங்கள் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அரிகிறார்கள், செங்கல் பிறப்பது மறுபக்கத்தில். வட்டப் பாணை முதலில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்து அரிந்தால் உருளாது.

சாண்ட்விச்சுக்கு 12 மில்லிமீற்றர் அளவான தடிப்பு, பம்பாய் டோஸ்ட்டுக்கு 20. இருபது சென்ரிமீற்றர் நீளப் பாணில் 12 மில்லிமீற்றர் கணக்கில் பதினாறு துண்டு வரும், எண்ணிப் பாருங்கள். பட்டரும் பாலும் சேர்த்த பாண் முழுதாக ஆறிய பிறகும் மெத்தென்று நசிந்தால் இருபது நிமிடம் பிரீசரில் வைத்து எடுத்து அரியுங்கள். ஆறிய பிறகு என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். கத்தியை நேராக ஓட்டப் பள்ளம் பள்ளமாக இருக்கும் பிளாஸ்டிக் வெட்டுச்சட்டம் வாங்குபவர்கள் பள்ளத்தின் அகலத்தைப் பாருங்கள். அலகைவிட மிக அகலமாக இருந்தால் கத்தி உள்ளேயே ஆடும். பல் உரசிப் பிளாஸ்டிக் சீவலும் பாணில் விழும்.

துண்டு போட்ட பாண் என்ற வசதியே நூறு வருடம் ஆகாதது. ஒட்டோ ரோவெடர் என்பவர் செய்த மெசினில் வெட்டிய பாண் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் சிலிகொதி என்ற ஊரில் 1928 ஜூலை 7 அன்று விற்பனைக்கு வந்தது. வெட்டிய பாண் சீக்கிரம் காயும் என்பதுதான் பேக்கரிக்காரர்களின் பெரிய ஆட்சேபம். வெட்டியதை உடனே பொதி செய்துதான் அதைச் சமாளித்தார்கள். உங்கள் வீட்டுக்கும் அதே விதி.

விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் கடைசியில்தான். அடித்தோல் விடாமல் நிற்கும், பொறுமை போகும், ஓர் அமுக்கு அமுக்குவீர்கள், கத்தி சட்டென்று இறங்கும். அங்கேயும் இழுப்புத்தான், அமுக்கு இல்லை. பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, பெருவிரலைப் பின்னால் வையுங்கள். காய்கறி வெட்டிய பழக்கத்தில் பணிஸை உள்ளங்கையில் வைத்துக் குறுக்கே பிளக்கிறீர்களே, அதை இன்றோடு விடுங்கள். பலகையில் வைத்து, மேலே விரித்த கையால் மெதுவாக அழுத்தி, கத்தியைப் படுக்கையாக ஓட்டுங்கள். உறைந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டால் கத்தி முனையால் நெம்பாதீர்கள், ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் தானாக விடும்.

மிச்சத்தைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம், அந்தக் குளிரில் பாண் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் விறைக்கும். கொழும்பு வெக்கையில் மூன்றாம் நாள் பூஞ்சணம் எட்டிப் பார்க்கும் என்பதால், இரண்டு நாளைக்கு வேண்டியதை வெளியே வைத்து, மற்றதைத் துண்டுகளாகவே பிரீசரில் போடுங்கள், இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து. வெளியே இருப்பதன் வெட்டுமுகத்தைப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். முனைத் துண்டை யாரும் சாப்பிடுவதில்லை என்று எறியாமல் மூடியாகச் சேர்த்து வைத்தால் அடுத்த துண்டு காயாது. அதுவும் காய்ந்த பிறகு இடித்துத் தூளாக்கி வைத்துக்கொள்ளுங்கள், கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் ஆகும்.