ஒளி மங்கினால் சூடு: ஒளிரும் பூச்சில் வெப்பநிலை அளப்பது

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. அவற்றில் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் சூட்டை வெளியேற்றுவது, தகடுகள் கொண்ட அலுமினிய ஹீட் சிங்க். அதில் எந்த இடம் எவ்வளவு சூடு என்று தெர்மல் கேமராவில் பார்த்தால், பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டைவிட எதிரே நிற்பவரின் சூட்டையே அதிகம் காட்டும். கறுப்புப் பெயின்ட் அடித்தாலே இது தீர்ந்துவிடும். அதற்கு மேல் செலவு வேண்டாம். ஆனால் ஹீட் சிங்க்கைக் காற்றுக் குழாய்க்குள் வைத்து ஜன்னல் வழியாகப் பார்ப்பதென்றால், அந்தக் கேமராவின் அகச்சிவப்புக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. கண்ணாடி வழியே தெரியும் ஒளியால் சூட்டைக் காட்டும் ஒளிரும் பூச்சுக்கு வேலை வருவது அங்கேதான்.

பூச்சில் கலக்கும் ஒளிரும் சாயங்களில் ஒன்று யூரோப்பியம் சேர்மம். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டால், 612 நானோமீட்டரை ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். வாங்கிய ஆற்றலை மூலக்கூறு ஒளியாக விடலாம், அல்லது அதிர்வாக இழக்கலாம். சூடு ஏற ஏற இரண்டாவது வழி முந்திக்கொள்ளும், ஒளி மங்கும்.

பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், விளக்கும் சீராக விழாது. அதனால் வெறும் பிரகாசத்தை நம்ப முடியாது. குளிர்ந்த நிலையில் ஒரு படம், சூடான நிலையில் இன்னொன்று. புள்ளிக்குப் புள்ளி வகுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு கழிந்துவிடும்.

அலுமினியத்தை அசிட்டோனால் துடைத்து, வெள்ளை பிரைமர் அடித்து, மேலே சாயம் கரைத்த பாலியூரித்தேனை ஸ்பிரே செய்கிறார்கள். அதே கலவையை ஒரு சிறு தகட்டிலும் அடித்து, தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை அளக்கும் கம்பியை ஒட்டி, 20 முதல் 80 டிகிரி வரை ஐந்தைந்தாக ஏற்றி, எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு சூடு என்று காட்டும் அளவுக்கோடு வரைய வேண்டும். கேமராவின் முன் 612-ஐ மட்டும் விடும் ஃபில்டர் கட்டாயம். அறை இருட்டாக இருக்க வேண்டும். புற ஊதா விளக்கை அணைத்து இருட்டுப் படம் ஒன்றும் எடுத்து, அதை மற்றப் படங்களிலிருந்து கழிக்க வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். ஜன்னலுக்குச் சாதாரண அக்ரிலிக் போட்டால் 365-இல் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும்; கண்ணாடிதான் சரி. காலையில் 26 டிகிரியில் எடுத்த குளிர் படத்தை, கிருஷ்ணகிரி மதிய வெயிலில் அறை 35-ஐத் தொட்ட பிறகு 'அறை வெப்பநிலை' என்று கணக்கில் போட்டால் முடிவு முழுக்க நகர்ந்துவிடும். காற்றழுத்தத்தில் பொருள் அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் விளிம்புகளில் பொய்ச் சூட்டுக்கோடு தெரியும்; கறுப்புப் புள்ளிகள் வைத்து இரு படங்களையும் பொருத்த வேண்டும். ஹீட் சிங்க்கின் நெருக்கமான தகடுகளுக்கிடையே ஒன்றின் ஒளி மற்றதில் பட்டுத் திரும்புவது இன்னும் தொல்லை.

பூச்சும் ஒரு வெப்பத்தடைதான். சதுர மீட்டருக்கு 10,000 வாட் வெளியேறும் இடத்தில், 50 மைக்ரான் பாலியூரித்தேனின் இரு பக்கங்களுக்கிடையே சுமார் 2.5 டிகிரி வித்தியாசம் விழும். புற ஊதா ஒளி சாயத்தையும் மெல்லக் கெடுக்கும். படம் எடுக்கும் நேரம் தவிர விளக்கை அணைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் வெளுத்து ஒளி மங்குவதும் சூடாகவே கணக்கில் ஏறும்.