சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்?

உறவினர்கள் கூடும் விசேஷ நாட்கள் முடிந்த கையோடு ஆலோசனைக்கு வருகிறவர்களில், தாய்வழி ஒரு பண்பாடும் தந்தைவழி வேறொரு பண்பாடுமாக வளர்ந்தவர்களைத் தவறாமல் பார்க்கிறேன். பெரிய சண்டை எதுவும் நடந்திருக்காது. "ஒண்ணும் நடக்கல மேடம், ஆனா மனசே சரியில்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஒரு பெண்ணின் அனுபவத்தை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பள்ளியில் படிக்கிறாள். கூடம் நிறைய ஆட்கள். அத்தை அவளைக் கூப்பிட்டு, "எங்க, நம்ம பாஷையில நாலு வார்த்தை பேசு பார்ப்போம்" என்கிறார். தயங்கித் தயங்கிப் பேசுகிறாள். உச்சரிப்பைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். "அப்படியே அவங்க அம்மா பக்கம்" என்று ஒரு குரல். அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். அத்தை பாசமாகத்தான் கூப்பிட்டார், அது அவளுக்கும் தெரியும். அப்பா சிரித்ததைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

அதனால் பெற்றோரிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: உங்கள் பக்கத்துச் சொந்தங்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மருமகள் பேசினால் 'வந்தவளுக்கு என்ன வாய்' என்பார்கள். பிள்ளை பேசினால் மரியாதை தெரியாத பிள்ளை. கூடப்பிறந்த தம்பி சொன்னால் அக்கா கேட்டுக்கொள்வார். "அக்கா, எல்லார் முன்னாடியும் பேசச் சொன்னா அவ கூச்சப்படுறா. தனியா உட்கார்ந்து பேசுங்க, நல்லா பேசுவா." இவ்வளவு போதும். நேரில் சொல்லச் சங்கடமாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்.

நிறத்தையும் முடியையும் வைத்து அண்ணன் தம்பியை ஒப்பிடுவது இன்னும் மோசம். ஒருவன் 'நம்மள மாதிரி', இன்னொருவன் இல்லை என்று அவர்கள் காதுபடவே பேசுகிறார்கள். அதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், மூத்தவர்கள் மனம் கோணினாலும் பரவாயில்லை.

அமெரிக்க உளவியலாளர் மரியா ரூட், கலப்புப் பின்னணி கொண்டவர்களுக்கான உரிமைகளை 1990களில் ஒரு பட்டியலாக எழுதினார். நான் யார் என்பதற்கு யாரிடமும் நியாயம் சொல்லத் தேவையில்லை. பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் சொல்லும் அடையாளத்தையே நானும் சொல்ல வேண்டியதில்லை. இடத்துக்கு இடம் என்னை வேறு வேறாக அடையாளப்படுத்திக்கொள்ளலாம் என்றெல்லாம் அதில் வரும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் பலர் நிம்மதி அடைகிறார்கள். "அந்தத் தாத்தா வீட்டுல ஒரு மாதிரி, இந்தத் தாத்தா வீட்டுல ஒரு மாதிரி இருக்கேன். நான் நடிக்கிறேனா?" என்று வருடக்கணக்காகத் தன்னையே சந்தேகப்பட்டவர்கள் அவர்கள்.

உளவியலாளர் வெரோனிகா பெனெட்-மார்ட்டினெஸும் சக ஆய்வாளர்களும் இரு பண்பாட்டு மனிதர்களைப் பற்றி 2000களில் செய்த ஆய்வுகளையும் பெற்றோருக்குச் சொல்வதுண்டு. தனக்குள் இருக்கும் இரண்டு பண்பாடுகளும் மோதிக்கொள்கின்றன என்ற உணர்வு எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாகுபாட்டையும் உறவுச் சிக்கலையும் அதிகம் சந்தித்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. வீட்டில் 'எங்க பக்கம், உங்க பக்கம்' என்று வேடிக்கையாகக் குத்திக்கொள்ளும் தம்பதிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு ஒன்று. ஆர்வத்தில் கேட்கிறவருக்கு விரும்பினால் விளக்குங்கள். ஒவ்வொரு முறையும் சீண்டுகிறவருக்கு, "அதைப் பத்தி இப்ப வேண்டாமே சித்தப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைத் துணையோடு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மொழி எட்டாத தாத்தா பாட்டியோடு பழைய புகைப்படங்களைப் புரட்டுவதும், கூடமாட வேலை செய்வதும் நல்ல பலன் தருகின்றன. அங்கே பேச்சு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அப்புறம், விசேஷம் முடிந்து சில வாரங்கள் ஆகியும் பிள்ளை சரியாகத் தூங்காமல், ஒரு பக்கத்து உறவினர் பேரைக் கேட்டாலே ஒதுங்கிப் போனால், ஆலோசகரைப் பாருங்கள். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் இருவருமே வாருங்கள்.