ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி எப்படி மறைந்தது?

கனடாவின் மத்திய நாடாளுமன்றத்துக்கு முதல் தமிழரை அனுப்பிய தொகுதி இன்று வரைபடத்தில் இல்லை. 2011 மே 2 தேர்தலில் ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சி சார்பில் வென்ற ஸ்காபரோ–ரூஜ் ரிவர்தான் அது. டொராண்டோவின் வடகிழக்கு மூலை. வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, தெற்கே 401 நெடுஞ்சாலை, நடுவில் மால்வர்ன், கிழக்கோரத்தில் ரூஜ் ஆறும் மிருகக்காட்சிசாலையும். அவருக்கு முன், 1988 தொடங்கி ஏழு தேர்தல்களிலும் லிபரல் கட்சியின் டெரெக் லீ ஒருவரே அங்கே வென்றுவந்தார். 2015 தேர்தலுக்கு மக்கள் வாக்களிக்கப் போனபோது அந்தப் பெயரில் தொகுதியே இல்லை.

கனடாவில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, கணக்கெடுப்பு முடிந்ததும், தொகுதிகளைத் திருத்தி வரைகிறார்கள். முதலில் எந்த மாகாணத்துக்கு எத்தனை இடம் என்று பார்ப்பார்கள். 2011இல் வந்த சட்டம் அதற்கு 1,11,166 என்ற வகுஎண்ணை வைத்தது. டொராண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் மக்கள்தொகை அப்போதைய மதிப்பீட்டின்படி சுமார் 1.337 கோடி. வகுத்தால் 120.3 வரும், பின்னம் எதுவானாலும் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 121. அதற்கு முன் 106 இடங்களே இருந்தன. நாடு முழுவதற்கும் 308 இடங்கள் 338 ஆயின.

எல்லா மாகாணத்துக்கும் இந்த வகுத்தல் மட்டும் போதாது. 1915 முதல் ஒரு காப்பு விதி உண்டு: எந்த மாகாணத்துக்கும் அதன் செனட்டர்களின் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்கள்) எண்ணிக்கைக்குக் குறையாமல் எம்.பி.க்கள் இருக்க வேண்டும். பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு நான்கு செனட்டர்கள், அதனால் நான்கு எம்.பி.க்கள். 2006 கணக்கெடுப்பில் அந்தத் தீவின் மக்கள் 1,35,851 பேர். அதே கணக்கெடுப்பில் ஸ்காபரோ–ரூஜ் ரிவரில் மட்டும் ஏறக்குறைய 1,30,000 பேர் இருந்தார்கள், அவர்களுக்கு ஓர் எம்.பி. சின்ன மாகாணங்களின் குரல் அமுங்கிவிடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால் புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த ஓர் இடத்தில் ஒரு வாக்கின் எடை இவ்வளவு குறைந்திருந்தது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று. புதிய இடங்கள் வந்ததில் அந்த இடைவெளி கொஞ்சமாவது சுருங்கியது.

இடங்கள் முடிவானதும் கோடு போடும் வேலை. ஒரு காலத்தில் அதை அரசியல்வாதிகளே செய்தார்கள். 1882இல் ஜான் ஏ. மெக்டொனால்டின் அரசு ஒன்ராறியோவின் எல்லைகளைத் தனக்குச் சாதகமாக வளைத்து, எதிர்க்கட்சியின் வாக்குகளை ஒருசில தொகுதிகளுக்குள் அடைத்தது. 1964இல் வந்த சட்டம் இந்தப் பொறுப்பை மாகாணத்துக்கு ஒன்றாகத் தனி ஆணையங்களிடம் கொடுத்தது. இன்று ஒவ்வொன்றிலும் மூவர். தலைவர் ஒரு நீதிபதி. அவரை மாகாணத் தலைமை நீதிபதி நியமிப்பார். மற்ற இருவரை மக்களவைச் சபாநாயகர் நியமிப்பார். எம்.பி.க்கள் ஆட்சேபம் சொல்லலாம், கடைசி முடிவு ஆணையத்துடையது. கனடாவின் தேர்தல் ஏற்பாடுகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஆணையத்தின் கையில் உள்ள அளவுகோல், மாகாண மக்கள்தொகையை இடங்களால் வகுத்த சராசரி. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்ராறியோவுக்கு அது 1,06,213. ஒரு தொகுதி அதிலிருந்து 25 விழுக்காடு வரை கூடலாம், குறையலாம். கூடவே, சேர்ந்து வாழும் சமூகங்கள், பழைய எல்லைகள், நிலப்பரப்பின் அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இவை ஒன்றோடொன்று மோதும். நகரத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் பக்கத்துத் தொகுதியின் எண்ணிக்கை மாறும், அதைச் சரிசெய்யப் போனால் அடுத்ததும் மாறும். சராசரியைவிட மிகவும் பெருத்திருந்த ரூஜ் ரிவர் தப்ப வழியில்லை. மேற்குப் பகுதி ஸ்காபரோ நார்த் ஆனது. கிழக்குப் பகுதி 401க்குத் தெற்கே உள்ள ஹைலண்ட் கிரீக், போர்ட் யூனியன் பகுதிகளோடு சேர்ந்து ஸ்காபரோ–ரூஜ் பார்க் ஆனது.

புதிய எல்லைகளை 2013இல் அறிவித்தார்கள், ஆனாலும் பழைய தொகுதி உடனே மறையவில்லை. புதிய எல்லைகள் அடுத்த பொதுத்தேர்தலுக்குத்தான். எனவே 2015 ஆகஸ்ட் 2 அன்று நாடாளுமன்றம் கலைக்கப்படும்வரை அது இருந்தது. அக்டோபர் தேர்தலில் ராதிகா ஸ்காபரோ நார்த்தில் நின்று ஷான் சென்னிடம் தோற்றார். ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி வென்றார். மாகாணச் சட்டமன்றத்தில் மட்டும் ரூஜ் ரிவர் என்ற பெயர் 2018 வரை நீடித்தது.

அப்புறம் 2021 கணக்கெடுப்பு. ஒன்ராறியோவுக்கு ஓர் இடம் கூடி 122 ஆனது, ஆனால் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு இழப்பு. மாகாணத்தின் மற்ற பகுதிகள் வேகமாக வளர, ஸ்காபரோ மெல்ல வளர்ந்ததுதான் காரணம். அங்கே சுமார் 6.3 லட்சம் பேர். புதிய சராசரி 1,16,590. வகுத்தால் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. அதனால் ஆறு தொகுதிகள் ஐந்தாகின, மிச்சம் பக்கத்து டான் வேலி ஈஸ்டோடு ஒட்டிக்கொண்டது. அந்த மாற்றத்தில் ரூஜ் பார்க்கும் பத்தே ஆண்டில் மறைந்து, 2025 ஏப்ரல் தேர்தலில் ஸ்காபரோ–கில்ட்வுட்–ரூஜ் பார்க் என்ற புதிய தொகுதி வாக்களித்தது. ஆனந்தசங்கரி அங்கே வென்றார்.