லேண்ட்ஸ்கேப்: தமிழில் 'நிலவமைப்பு'

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் "லேண்ட்ஸ்கேப் பண்ணணும்" என்றால், பெரும்பாலும் புல்தரையையும் தொட்டிச் செடியையும்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு சின்னப் பொருள் கிடையாது.

இதன் மூலம் டச்சு மொழியின் 'லாண்ட்ஸ்காப்'. முதலில் ஒரு நிலப்பகுதியைக் குறித்தது, பிறகு அதை வரைந்த படத்தையும். 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் ஆங்கிலத்துக்குப் போனது ஓவியர்கள் வழியாக. அதனால் கண்ணுக்குத் தெரியும் காட்சி என்ற பொருளே முன்னால் நிற்கிறது. நாமும் அதையொட்டி நிலத்தோற்றம், நிலக்காட்சி என்கிறோம். படத்துக்குச் சரி. வெறிச்சோடிய ஊரை மீட்கும் வேலைக்குப் போதாது.

தொல்காப்பியத்தின் திணை இதைவிட அகலமானது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; மரம், பறவை, உணவு, தொழில், தெய்வம் எல்லாம் கருப்பொருள். ஆனால் இலக்கணத்தில் நிலைத்துவிட்ட சொல்லை வேலைத்தளத்துக்கு இழுக்க வேண்டாம். 'நிலவமைப்பு' என்பதே பொருத்தம். நீரின் போக்கும் மண்ணின் மேடுபள்ளமும் எந்த மரம் எங்கே என்பதும் அதில் அடங்கும்.

செட்டிநாட்டு ஊர்களை அமைத்தவர்கள் அப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுக்கூரையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். அண்டா வைத்துப் பிடித்தது போக, மிச்சம் வடிகாலில் இறங்கித் தெருவுக்கு வரும், அப்புறம் வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும். வீட்டின் கூரையும் ஊரின் குடிநீரும் ஒரே ஏற்பாடு! இரண்டாம் உலகப் போரோடு இந்த ஊர்க்காரர்களின் பர்மா வணிகம் நொடித்தது. வீடுகள் பூட்டிக் கிடக்க, வரத்துக்கால்கள் தூர்ந்தன, சீமைக்கருவேலம் மூடியது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்த பிறகும், தேக்குத் தூணுக்குக் கிடைக்கிற கவனம் வரத்துக்காலுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கூடவே வரும் இன்னொரு சொல் 'ரீஃபாரஸ்டேஷன்'. காடு வளர்ப்பு என்று எழுதுகிறார்கள். தைலமரத்தை வரிசையாக நட்டாலும் அது காடு வளர்ப்புதானே? இழந்த காட்டைத் திரும்பக் கொண்டுவருவதற்கு 'காடு மீட்பு' என்பதே சரி. இந்த வறண்ட மண்ணுக்குரிய வீரை, உலக்கைப்பாலை, காசா மரங்கள் கோயில் காடுகளில் இன்னும் நிற்கின்றன. நாற்றங்காலுக்கு விதை அங்கிருந்துதான் வர வேண்டும், பழம் உதிரும் சமயம் பார்த்துப் பொறுக்கினால் கிடைக்கும்.