ஹைப்பர்டென்ஷன்: மிகை இரத்த அழுத்தம்

ஓ.பி. சீட்டில் மருத்துவர் எழுதுவது 'எச்.டி.என்.'. நோயாளி வீட்டுக்கு வந்து சொல்வது 'பிரஷர் இருக்காம்'. அக்கம்பக்கத்தார் வாயில் அது 'ரத்தக் கொதிப்பு'. எல்லாம் ஒரே நோய்தான்.

'ஹைப்பர்' கிரேக்கச் சொல். அளவை மீறியது என்று பொருள். 'டென்ஷன்' லத்தீன் வழி வந்தது. இழுத்து விறைப்பாக்குவதைக் குறிக்கும். இங்கே விறைப்பது தமனியின், அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயின், சுவர்; மனசு அல்ல. 'டென்ஷன் ஆகாதீங்க' என்று நாம் சொல்லும் டென்ஷனோடு இதைக் குழப்பிக்கொண்டு, 'நான் கோபமே படமாட்டேனே, எனக்கு எப்படி?' என்று கேட்பவர்கள் உண்டு.

இந்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். குதிரையின் தமனியோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் அதை நூலில் எழுதினார். குதிரைக்குச் சரி, மனிதருக்கு? 1896இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி, கையில் பட்டை கட்டிப் பாதரசத்தால் அளக்கும் கருவியைச் செய்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோவ் அதோடு ஸ்டெதாஸ்கோப்பைச் சேர்த்தார். பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது முதல் 'டப்' கேட்கும் இடம் மேல் எண். ஒலி அடங்கும் இடம் கீழ் எண். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் மேலே 140 அல்லது கீழே 90 எட்டியிருந்தால் அதுதான் இந்த நோய்.

தமிழில் 'உயர் இரத்த அழுத்தம்', 'மிகை இரத்த அழுத்தம்' இரண்டும் வழங்குகின்றன. இலங்கையில் 'உயர் குருதி அமுக்கம்'. என் ஓட்டு 'மிகை'க்கு. 'ஹைப்பர்' என்பதற்கு அதுவே நேர்.

'கொதிப்பு' என்ற சொல்லில்தான் சிக்கல். கொதித்தால் ஏதாவது தெரியும் என்று காத்திருக்கத் தோன்றும். இந்த நோயோ பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, 30 முதல் 79 வயதுக்குள் இந்நோய் உள்ளவர்கள் 1990இல் 65 கோடி, 2019இல் 130 கோடி. கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது. பணக்கார நாட்டு நோய் என்ற பேச்சும் பழசாகிவிட்டது: நோயாளிகளில் முக்கால்வாசிக்கு மேல் ஏழை, நடுத்தர நாடுகளில்தான். கனடாவும் தென் கொரியாவும் பாதிப்பேருக்கு மேல் கட்டுப்படுத்திக் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.